பழைய பேருந்து அருங்காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பேருந்துகளையும் டிராம்களையும் தன்னார்வலர்களே வைத்துக் காக்கும் அருங்காட்சியகங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் கொஞ்ச காலம் வேலை செய்தால் போதும், வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மனப்பாடமாகிவிடும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும். விவாதத்துக்கு இடமுள்ளவை பின்னால் வரும்.

பஸ்ஸுக்கெல்லாம் எதுக்கு மியூசியம்? தினமும் பார்க்கிறதுதானே?

தினமும் பார்ப்பதால்தான் அதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அரசர்கள் ஏறிய ரதத்தை அரண்மனை காப்பாற்றிவிடும். ஊரே ஏறிப்போன பேருந்து, ஓடி முடிந்ததும் இரும்புக்கடைக்குப் போய்விடும். வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மக்கள் எப்படிப் போனார்கள், எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள், எவ்வளவு நெருக்கியடித்து நின்றார்கள் என்பதை அந்த வண்டிக்குள் ஏறி நின்றால் தெரிந்துகொள்ளலாம். படம் பார்த்தால் அவ்வளவு தெரியாது.

இந்த முயற்சிகளைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பயணிகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1939-இல் ஆர்வலர்கள் சிலர் கூடி, 31 என்ற எண் கொண்ட டிராமை 150 டாலருக்கு வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சீஷோர் டிராலி அருங்காட்சியகம். இங்கிலாந்தில் 1948-இல் சவுத்தாம்ப்டன் நகரின் டிராம்கள் ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த சமயம், கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வந்தவர்கள் 45-ஆம் எண் டிராமை 10 பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. நிரந்தர இடமாகக் கிரிச் கிராமத்துக் கல்குவாரி அமைந்தது 1959-இல். இந்த வரிசையைக் கவனியுங்கள்: வண்டி முதலில், இடம் பல வருடம் கழித்து. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் இதுதான்.

தன்னார்வலர்கள்னா சம்பளமே கிடையாதா? அப்ப யார்தான் நடத்துறாங்க?

பெரும்பாலான இடங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. சில பெரிய இடங்களில் கணக்குக்கோ நிர்வாகத்துக்கோ ஓரிருவர் சம்பளத்துக்கு இருப்பார்கள். மற்றபடி பதிவுசெய்த ஒரு அறக்கட்டளை, அதற்கு உறுப்பினர்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, இவ்வளவுதான் அமைப்பு. நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, தேநீர்க் கடை, சினிமா படப்பிடிப்புக்கு வண்டி கொடுப்பது, உயிலில் யாராவது எழுதிவைக்கும் தொகை என்று பணம் துளித்துளியாக வரும். வந்த வேகத்தில் கூரைக்கும் டயருக்கும் போய்விடும்.

யார் வேலை செய்கிறார்கள் என்றால், ஓய்வுபெற்ற டிரைவர்கள், கண்டக்டர்கள், டிப்போ மெக்கானிக்குகள் ஒரு பகுதி. வாழ்நாளில் ஸ்பானரைத் தொடாத ஆசிரியர்களும் எழுத்தர்களும் மாணவர்களும் இன்னொரு பகுதி. இரண்டு பகுதியும் இல்லாமல் நடக்காது.

பஸ் மட்டும்தானா, வேற ஏதாவது இருக்குமா?

நிறைய இருக்கும். குதிரை இழுத்த ஆம்னிபஸ், டிராம், டிராலிபஸ், டிக்கெட் இயந்திரங்கள், சீருடைகள், நிறுத்தப் பலகைகள், வழித்தட வரைபடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் போக்குவரத்து அருங்காட்சியகம், அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் செய்யப்பட்ட அல்லது பயன்பட்ட பொருள்களை மட்டும்தான் சேர்க்கிறது. அந்த நகரின் பழைய டிராலிபஸ் டிப்போவிலேயே இயங்குகிறது. கிழக்கு ஆங்கிலியா அருங்காட்சியகத்தில் பேருந்து, டிராம், டிராலிபஸ் மூன்றிலும் ஏறிச் சவாரி செய்யலாம். ஆஸ்திரேலியாவில் சிட்னி பேருந்து அருங்காட்சியகம் லைக்ஹார்ட் பகுதியின் பழைய டிராம் டிப்போவில் இருக்கிறது. டிப்போக்கள் அமைவது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. உயரமான கதவும், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியும் அங்கேதான் தயாராக இருக்கும்.

டிராம், டிராலிபஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. டிராம் தண்டவாளத்தில் ஓடும். டிராலிபஸ் ரப்பர் டயரில் சாலையில் ஓடும்.

வண்டி வராதபோதும் அது எந்தப் பாதை என்று கண்டுபிடிக்கலாம். தலைக்கு மேலே கம்பிகளை எண்ணுங்கள். டிராமுக்கு ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். டிராலிபஸ்ஸுக்குத் தண்டவாளம் இல்லாததால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பி வேண்டும். அதனால்தான் அதன் கூரையில் இரண்டு நீளக் கழிகள் இருக்கின்றன. வளைவில் கழி கம்பியை விட்டு நழுவினால், கண்டக்டர் இறங்கிப் பெரிய மூங்கில் கழியால் அதை மறுபடி மாட்டுவார். பிரிட்டனில் 1911-இல் லீட்ஸிலும் பிராட்ஃபோர்டிலும் டிராலிபஸ்கள் தொடங்கின. கடைசியாக நின்றதும் பிராட்ஃபோர்டில்தான், 1972-இல்.

நிறுத்தி வச்சிருக்கிற வண்டியெல்லாம் நிஜமாவே ஓடுமா?

எல்லாம் ஓடாது. எந்த இடத்திலும் மூன்று வகை இருக்கும்: ஓடுகிறவை, காட்சிக்கு மட்டும் நிற்பவை, முறைக்காகக் காத்திருப்பவை. மூன்றாவது வகைதான் எப்போதும் அதிகம். பார்வையாளர்கள் பின்பக்கம் போகாததால் அது தெரிவதில்லை.

ஓடுகிற வண்டியையும் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. பேட்டரி இறங்கும், பிரேக் டிரம் துருவேறி ஒட்டிக்கொள்ளும், ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் சப்பையாகும். மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுக்க வேண்டும். இஞ்சினை நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் முடுக்கி அணைப்பது நல்லதைவிடக் கெடுதல்தான் செய்யும். அரைச்சூட்டில் அணைத்தால் இஞ்சினுக்குள்ளும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கி அரிக்கும். நன்றாகச் சூடேறும் அளவுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டித்தான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

உள்ளே ஏறலாமா? பையன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பார்க்கணும்கறான்.

பெரும்பாலான இடங்களில் குழந்தைகளுக்காகவே ஒரு வண்டியை ஒதுக்கியிருப்பார்கள். அதில் ஏறலாம், மணி அடிக்கலாம், ஸ்டியரிங் திருப்பலாம். கயிறு கட்டிய வண்டியில் மட்டும் ஏற வேண்டாம். தளம் பலவீனமாக இருக்கலாம், இருக்கைத் துணி மாற்று கிடைக்காததாக இருக்கலாம். பழைய வண்டிகளில் படிகள் உயரம், வாசல் குறுகல். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், சாய்தளம் உள்ள வண்டியைத் தயாராக வைக்க முடியும்.

இதை ஓட்டறது கஷ்டமா?

ஆமாம். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஏழு, ஏழரை டன் எடையைத் தோள் பலத்தில் திருப்ப வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங் அசையாது, மெல்ல உருள விட்டுத்தான் திருப்ப வேண்டும். கியரிலும் பற்கள் தானாக ஒத்துப்போகும் ஏற்பாடு பல வண்டிகளில் இல்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, இஞ்சின் வேகம் ஒத்துவரும் வரை பொறுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இதைத்தான் இரட்டைக் கிளட்ச் என்போம். தப்பினால் ஊர் முழுக்கக் கேட்கும்.

இன்னொரு வகை பிரீசெலக்டர் கியர். அடுத்து வேண்டிய கியரை லீவரில் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் இடது கால் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் மாறிவிடும். நெரிசல் தெருவில் இது டிரைவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பழைய வகைகளில் பெடலை முழுக்க மிதிக்காமல் அரைகுறையாக விட்டால், அது திருப்பி உதைக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஒரு பஸ்ஸைப் பழையபடி ஆக்க எவ்வளவு நாள் பிடிக்கும்?

பல வருடங்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருகிறவர்களை வைத்து, கையில் பணம் இருக்கும்போது மட்டும் நகரும் வேலை இது. பத்து வருடத்தைத் தாண்டுவது அபூர்வமில்லை.

இஞ்சின்தான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இஞ்சின் கனமானது, முரடு, எண்ணெயில் ஊறியது. அது பெரும்பாலும் பிழைத்துக்கிடக்கும். கெட்டுப்போவது உடல்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டிய பல பேருந்துகளில் தகட்டுக்குள்ளே மரச்சட்டம் இருக்கும், பிரிட்டனில் பெரும்பாலும் ஆஷ் மரம். ஜன்னல் ஓரத்தில் ரப்பர் விரிசல் விட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும், பல வருடம் கழித்து அடித்தூண் உளுத்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். தகட்டைக் கழற்றினால் கையில் தூளாக உதிரும். மரத்தையும் இரும்பையும் சேர்த்து முடுக்கிய இடங்களில், மரத்தின் ஈரம் இரும்பைத் தின்னும், இரும்பின் துரு மரத்தைத் தின்னும். ஒரு தூணை மாற்றப் பக்கத்துத் தூணைத் தளர்த்த வேண்டும், அதைத் தளர்த்தினால் கூரை அசையும். அதனால் உள்ளே முட்டுக்கொடுத்து ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் பிரிப்போம்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து எண் எழுதுவது எங்கள் விதி. வேலை இழுத்துக்கொண்டே போகும்போது, பிரித்த ஆளே மாட்டுவார் என்று நம்பக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கிலும் இஞ்சின் மறைப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அடிப் பெயின்டில் ஈயம் இருக்கும். உரிய பயிற்சியும் முகமூடியும் இல்லாமல் அவற்றை உரசவே கூடாது. ஆர்வத்தில் அதை மறக்கிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

அந்தக் காலத்து நிறம் இதுதான்னு எப்படித் தெரியும்?

வண்டியே சொல்லும். எண் பலகைக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்துக்கு அடியில் என்று வெயில் படாத இடமாகப் பார்த்து, மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால் அடுக்கடுக்காகப் பெயின்ட் வெளிவரும். மேலே கடைசி முதலாளி அடித்தது, கீழே முதல் நிறம். நடுவில் கம்பெனி கைமாறிய கதை முழுக்க இருக்கும். பிறகு அதைப் புகைப்படத்தோடும் கம்பெனி ஆவணங்களோடும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

கருப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள். பழைய படச்சுருள்களில் ஒரு வகை சிவப்பு ஒளியையே உணராது. அதில் சிவப்புப் பேருந்து கன்னங்கரேலென்று விழும், கரு நீலம் வெளுத்துத் தெரியும்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? கம்பெனியே இல்லையே.

மூன்று வழி. அதே வகையில் பிழைக்க வாய்ப்பில்லாத இன்னொரு வண்டியிலிருந்து எடுப்பது. மற்ற அருங்காட்சியகங்களோடு மாற்றிக்கொள்வது. இதில் எங்களுக்குள் போட்டியே கிடையாது, ஒருவரிடம் நாலு கியர்பாக்ஸ் இருக்கும், இன்னொருவரிடம் நாலு ரேடியேட்டர் இருக்கும். இரண்டும் நடக்காவிட்டால் புதிதாகச் செய்வது. பழைய பாகத்தை அச்சாக வைத்து வார்ப்பதோ, கடைசல் பட்டறையில் கடைவதோ இன்றும் முடியும். சின்ன பித்தளைக் கைப்பிடி ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு.

இத்தனையும் மாத்தின பிறகு அது பழைய பஸ்தானா?

நல்ல கேள்வி. பேருந்துகளின் வாழ்க்கையே மாற்றிப் பொருத்துவதில்தான் போனது. சேஸிஸ், அதாவது இஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டம், ஒரு தொழிற்சாலையில் செய்யப்படும், அதன்மேல் பாடியை இன்னொரு பட்டறை கட்டும். லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு ஆல்டன்ஹம் என்ற இடத்தில் மாபெரும் பணிமனை இருந்தது, 1986-இல் மூடினார்கள். பெரும் பழுதுபார்ப்புக்கு வரும் ஆர்.டி. வகை மாடிப் பேருந்தின் பாடியைத் தூக்கித் தனியாக ஒரு வரிசையிலும், சேஸிஸை இன்னொரு வரிசையிலும் அனுப்புவார்கள். சேஸிஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். தன் பாடிக்காக அது காத்திருக்காது, தயாராக இருக்கும் வேறு பாடி அதன்மேல் ஏறும். வெளியே போகும் வண்டிக்கு உள்ளே வந்த வண்டியின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். ஆக, ஓடிய காலத்திலேயே ஒரே எண்ணில் வெவ்வேறு உடல்கள் இருந்தன.

அதனால் ‘எல்லாப் பாகமும் பிறந்தபோது இருந்ததுதானா’ என்று கேட்பதில் அதிகப் பொருளில்லை என்பது என் கருத்து. என்ன மாற்றினோம், எப்போது, ஏன் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதி வைத்து, பழைய பாகத்தில் ஒரு மாதிரித் துண்டையும் பத்திரப்படுத்தியிருந்தால் அது நேர்மையான வேலை. எழுதாமல் பளபளப்பாக்கி ‘அப்படியே இருக்கிறது’ என்று பலகை வைப்பது பார்வையாளரை ஏமாற்றுவது.

ஓட்டினா தேயுமே, கண்ணாடிக்குள்ளே வச்சா பத்திரமா இருக்குமில்ல?

இதில் அருங்காட்சியகத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஓட்டினால் தேயும் என்பது உண்மை. ஓட்டாவிட்டாலும் என்ன ஆகும் என்பதை மேலே ‘நிஜமாவே ஓடுமா’ என்ற கேள்வியில் சொல்லிவிட்டேன். அதோடு, ஓட்டத் தெரிந்தவர்களும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஓடுகிற வண்டி இருந்தால்தான் உருவாவார்கள். இரட்டைக் கிளட்ச் போடுவதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

என் பக்கம் இது: ஒரு வகையில் பல வண்டிகள் பிழைத்திருந்தால் ஒன்றை ஓட்டுங்கள். லண்டனின் ரூட்மாஸ்டர் வகை மாடிப் பேருந்துகள் 2,876 கட்டப்பட்டன, ஏராளமானவை இன்னும் இருக்கின்றன, தாராளமாக ஓட்டலாம். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதிலும் பழைய துணியும் பழைய பெயின்டும் கலையாமல் இருக்கிறது என்றால், அதைத் தொடாதீர்கள். தூசு தட்டி, ஈரம் அண்டாமல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுப்பித்தால் அந்தத் துணி போய்விடும், திரும்ப வராது.

எங்க தாத்தா கண்டக்டரா இருந்தார். அவரோட பை, டிக்கெட் கட்டு, ஒரு நோட்டு எல்லாம் இருக்கு. இதெல்லாம் வாங்கிப்பீங்களா?

தயவுசெய்து கொண்டுவாருங்கள். அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். வண்டியைவிட இவை சீக்கிரம் அழிகின்றன, வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான்.

ஒரு நோட்டு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்காமரி நகரில், வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் மறுத்த பேருந்து, ஓய்வுபெற்ற பிறகு சுமார் 30 வருடம் ஒரு வயலில் கிடந்தது. வாங்கியவர் அதில் மரச்சாமானும் கருவிகளும் போட்டு வைத்திருந்தார். அது அந்த வண்டிதான் என்று குடும்பத்தார் சொன்னார்கள், ஆனால் ஆதாரம்? மான்ட்காமரியில் பேருந்து நிலைய மேலாளராக இருந்தவர் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி வைத்த ஒரு நோட்டு கிடைத்தது. கைதுச் செய்திக்குப் பக்கத்தில் 2857 என்ற பேருந்து எண்ணைக் கையால் எழுதியிருந்தார். கையெழுத்து நிபுணர்கள் அந்த நோட்டைச் சோதித்தார்கள். 2001-இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அந்தப் பேருந்தை 4,92,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அந்த எண்ணை யாரும் குறித்து வைக்காமல் போயிருந்தால், அது இன்னும் ஒரு கொட்டகைதான்.

டிக்கெட்டுகளும் அப்படித்தான். ‘பெல் பஞ்ச்’ முறையில் அச்சடித்த வண்ண டிக்கெட்டில் கண்டக்டர் துளை போடுவார், மணி ஒலிக்கும், துளைத்த துணுக்குகள் இயந்திரத்துக்குள்ளேயே விழும். கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தத் துணுக்குகளை எண்ணுவார்கள். அந்த டிக்கெட்டுகள் எண்பது, தொண்ணூறு வருடம் கழித்தும் படிக்கிற மாதிரி இருக்கின்றன. இப்போது வெப்பத்தாளில் அச்சாகும் டிக்கெட் சில வருடங்களில் வெள்ளைத்தாளாகிவிடும். வைத்திருப்பவர்கள் இன்றே படம் எடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ‘கொடையாகத் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. தாத்தாவைப் பற்றி நீங்கள் சொல்வதையும் பதிவு செய்துகொள்வோம். யாருடைய பை என்று தெரியாத தோல்பை, வெறும் தோல்பைதான்.

எங்க நிலத்துல ஒரு பழைய பஸ் கிடக்கு, சும்மாவே தர்றேன். ஏன் வேண்டாம்கறீங்க?

மனசு கேட்காமல்தான் சொல்கிறோம். இரட்டைமாடிப் பேருந்து ஒன்று எட்டு, ஒன்பது மீட்டர் நீளம், நாலரை மீட்டர் வரை உயரம். அதைச் சும்மா வாங்கலாம், ஆனால் சும்மா நிறுத்த முடியாது. கூரையில்லாமல் நிறுத்திய வண்டி, நீங்கள் எவ்வளவு ஆசையாக வாங்கியிருந்தாலும், மேலே சொன்ன மாதிரி ஜன்னல் ஓரத்திலிருந்து உளுக்கத் தொடங்கிவிடும். திறந்தவெளியில் வரிசையாக வண்டி சேர்த்து எல்லாவற்றையும் கெடவிடுவதைவிட, கூரைக்குள் அடங்குகிறதை மட்டும் வாங்குவதுதான் வண்டிகளுக்குச் செய்யும் நியாயம். ‘இடம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சை எங்கள் கூட்டங்களில் நான் எப்போதும் எதிர்க்கிறேன்.

அதோடு சேகரிப்புக்கு ஒரு கொள்கை வேண்டும். இப்ஸ்விச் வைத்திருக்கும் ஊர் எல்லை மாதிரி ஏதாவது ஒன்று. புகழ்பெற்ற வகைகளை எல்லோரும் காப்பாற்றுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண ஒற்றைத்தள வண்டிதான் ஊரில் அதிகம் ஓடியிருக்கும், அதுதான் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. உங்களுடையது அந்த மாதிரியென்றால் உடனே படம் அனுப்புங்கள். எங்களால் முடியாவிட்டாலும் முடிகிறவரைத் தேடுவோம். அதுவரை மேலே தார்ப்பாய் போடுங்கள், ஆனால் உடம்போடு ஒட்டப் போர்த்த வேண்டாம். காற்று உள்ளே போய்வரட்டும்.

டிக்கெட் வாங்கி ஊருக்குள்ளே ஓட்டலாமே? நல்ல வருமானம் வருமே?

பயணக் கட்டணம் வாங்கிய நிமிடத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் அது அருங்காட்சியகப் பொருள் இல்லை, பயணிகள் வாகனம். உரிமம், காப்பீடு, தொழில்முறை டிரைவர், பரிசோதனை எல்லாம் வந்துவிடும். விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2021 பிப்ரவரியிலிருந்து பேருந்துகளின் முன்சக்கரங்களில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது. வணிகத்துக்கு ஓடாத வரலாற்று வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அதே வண்டியை வணிகத்துக்கு ஓட்டினால் அந்த விலக்கும் போய்விடும்.

விலக்கு இருந்தாலும் டயரின் வயதைப் பார்த்து மாற்றுவதே சரி. ஆழமான பட்டன் இருப்பதால் டயர் நன்றாக இருப்பதாகத் தோன்றும், ரப்பர் உள்ளே இறுகியிருக்கும். குறைவாக ஓடும் வண்டியில்தான் இந்த ஏமாற்றம் அதிகம்.

எனக்கு மெக்கானிக் வேலை ஒண்ணும் தெரியாது, பொண்ணு வேற. நான் வந்து என்ன செய்யப்போறேன்?

எழுதத் தெரியுமா? பழைய படங்களுக்கு விளக்கம் எழுத ஆள் வேண்டும். தைக்கத் தெரியுமா? இருக்கைத் துணியும் ஊர்ப்பெயர்த் துணிச்சுருளும் காத்திருக்கின்றன. கணக்கு, வழிகாட்டி வேலை, பழைய தொழிலாளர்களிடம் பேட்டி, ஸ்கேன் செய்வது, எல்லாவற்றுக்கும் ஆள் பற்றாக்குறைதான். பட்டறை வேலை கற்றுக்கொள்ள ஆசையென்றால் அதையும் சொல்லிக்கொடுப்போம். முதலில் கழுவுவது, பிறகு கழற்றுவது, பிறகுதான் மாட்டுவது.

பெண் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. முதல் உலகப் போரின்போது, 1915 முதல் லண்டன் பேருந்துகளில் பெண்கள் கண்டக்டர்களாக வேலை பார்த்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் போரில் மறுபடி கூப்பிட்டார்கள். லண்டனில் ஒரு பெண் பேருந்து டிரைவரானது 1974-இல்தான், ஜில் வைனர் என்பவர். இந்த வரலாற்றைச் சொல்லும் இடத்திலேயே பெண்கள் தயங்கி நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நல்ல கதையை மட்டும்தான் சொல்வீங்களா? பஸ்ஸுல நடந்த அநியாயமெல்லாம் காட்டுவீங்களா?

காட்ட வேண்டும். மேலே சொன்ன மான்ட்காமரி பேருந்து அதற்காகவே பாதுகாக்கப்படுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும் 1963-இல் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மறுத்தது. பால் ஸ்டீபன்சன் முதலானோர் முன்னின்று மக்கள் பேருந்தில் ஏறாமல் போராடினார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் தடையை விலக்கியது. அடுத்த மாதம் ரக்பீர் சிங் கண்டக்டராகச் சேர்ந்தார்.

சிலர் ‘வண்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அரசியல் எதற்கு’ என்பார்கள். யார் ஏறலாம், எங்கே உட்காரலாம், யார் ஓட்டலாம் என்பதைச் சொல்லாமல் இருக்கைத் துணியின் நிறத்தை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

தொண்ணூறுகள்ல வந்த பஸ்ஸெல்லாம் பழசா? அதை ஏன் வாங்கி வைக்கிறீங்க?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலேதான் இதற்கும். பழசானதும் வாங்கலாம் என்று காத்திருந்தால் அப்போது கடைசி வண்டியும் உருக்கப்பட்டிருக்கும். தாழ்தளப் பேருந்து வந்தபோது முதியவர்களின் பயணம் எவ்வளவு மாறியது என்று காட்ட, அந்த முதல் தலைமுறை வண்டியில் ஒன்று வேண்டாமா?

இதில் புதுச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 1930-களின் வண்டியைச் சுத்தியலும் கடைசலும் வைத்து ஓட வைக்கலாம். அண்மைக்கால வண்டியில் கியரையும் பிரேக்கையும் மின்னணுப் பலகை ஆள்கிறது. அதன் மென்பொருளும் அதைச் சோதிக்கும் கணினியும் உற்பத்தியாளரிடம்தான் இருக்கின்றன. மின்சாரப் பேருந்தென்றால் பேட்டரியும் சேர்ந்துகொள்ளும். லண்டனில் 1907-லேயே பேட்டரிப் பேருந்துகள் ஓடியிருக்கின்றன, ஆக யோசனை பழையதுதான். ஆனால் இன்றைய பேட்டரியை எந்த அளவு சார்ஜில், எந்த வெப்பத்தில், எவ்வளவு காலம் நிறுத்தி வைப்பது என்பதை நாங்கள் இப்போதே கற்றாக வேண்டும். வண்டி கொடுக்கும் நிறுவனங்களிடம் சேவைக் கையேட்டையும் மென்பொருளையும் சேர்த்துக் கேட்கிறோம். அது இல்லாமல் வரும் வண்டி காட்சிக்கு மட்டும்தான்.

வண்டியோட சொந்தக்காரர் இறந்துட்டா? மியூசியமே மூடிட்டா?

பலருக்குத் தெரியாத விஷயம்: அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளில் நிறைய, உறுப்பினர்களின் சொந்த வண்டிகள். இடத்துக்கு வாடகையாக உழைப்பையோ பணத்தையோ கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அவர் போய்விட்டால் வண்டி வாரிசுக்குப் போகும். வாரிசுக்கு ஆர்வம் இல்லாவிட்டால் விற்பனைக்குப் போகும், சில சமயம் உடைக்கவும் போகும். இதைத் தடுக்க ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. வண்டி யாருக்கு, கூடவே உதிரிபாகமும் படங்களும் யாருக்கு என்று தெளிவாக இருக்க வேண்டும். வண்டி அறக்கட்டளைக்கு வந்து அதன் பாகங்கள் வேறெங்கோ போனால் வேலை நின்றுவிடும்.

அருங்காட்சியகம் மூடினால் என்ன ஆகும் என்பது அதன் விதிப்புத்தகத்தில் இருக்க வேண்டும். சொத்துகளைக் கலைத்து உறுப்பினர்கள் பங்கு போட முடியாது, இதேபோன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும் என்ற விதி பல நாடுகளில் அறக்கட்டளைகளுக்கு உண்டு. நீங்கள் ஏதாவது கொடையாகத் தர நினைத்தால், எங்களிடமோ வேறு எங்கோ, இந்த ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுக் கொடுங்கள். காட்டத் தயங்கினால் கொடுக்காதீர்கள்.